சுவரும் த-க-தி-மியும்: கட்டையைத் தட்டி ஒலியின் வேகத்தை அளக்கும் முறை

எதிரொலி என்றதும் பாடப்புத்தகங்கள் மலையைக் காட்டிவிடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் மலைக்கு எங்கே போவார்கள்? டெல்டாவில் உயரமாக ஏறி நிற்க வேண்டுமென்றால் ஆற்றங்கரைதான். ஆனால் இந்தச் சோதனைக்கு மலை வேண்டியதில்லை. அரிசி ஆலையின் பக்கச்சுவர் போதும், நெல் கிடங்கின் பின்சுவர் போதும், மைதானத்தைப் பார்த்து நிற்கும் பள்ளிக் கட்டடம் போதும். மண் தட்டையாக இருப்பது நமக்கு லாபமும்கூட. சுவரிலிருந்து 60 மீட்டர் நேராகப் பின்வாங்கி நிற்க இடம் கிடைக்கிறது.

ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எவரும் செய்யலாம். வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தது என்பதும், ஒலி காற்றின் வழியே அலையாகப் போகிறது என்பதும் தெரிந்திருந்தால் சரி. அலை என்பதில் சந்தேகம் இருந்தால், காற்றில்லாத காலையில் குளத்தில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு, மிதக்கும் இலையைக் கவனியுங்கள். வளையம் கரைக்கு வந்து சேரும். இலை இருந்த இடத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். காற்றும் அப்படித்தான். தட்டிய இடத்துக் காற்று சுவர்வரை ஓடிப் போவதில்லை, அதிர்வு மட்டுமே போய்த் திரும்புகிறது.

தேவையான பொருட்கள்

இரண்டு மரக்கட்டைகள், ஒரு டேப், கைப்பேசியில் இருக்கும் நிறுத்துக்கடிகாரம், இரண்டு பேர்.

வெறும் கையால் தட்டினால் 60 மீட்டருக்குச் சத்தம் போதாது, இருபது தட்டில் உள்ளங்கை சிவந்துவிடும். ஜால்ரா வேண்டவே வேண்டாம். அதன் ரீங்காரம் அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிடும், இரண்டும் குழம்பிவிடும். பஜனை மடத்துச் சிப்ளாக்கட்டையும் அதே காரணத்துக்காக ஆகாது, அதில் இருக்கும் சலங்கை கெடுத்துவிடும். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட, கைக்கு அடங்கும் அளவுள்ள இரண்டு தேக்குத் துண்டுகள் இருந்தால் அவைதான் முதல்தரம். 'டக்' என்று ஒரே அடி, அதோடு முடிந்தது.

டேப் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளப்பதை நான் ஏற்பதில்லை, இழுத்தால் நீளும். கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் கொடுப்பார்.

படி 1: சுவரைத் தேர்ந்தெடுத்தல்

ஓரளவு உயரமான, அகலமான, வழவழப்பான ஒற்றைச் சுவர் வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் வெட்டவெளியாக இருக்க வேண்டும். பின்னாலும் கட்டடம் இருந்தால் இரண்டு எதிரொலிகள் வரும். கோயில் பிராகாரம் ஆசை காட்டும், ஆனால் மதிலும் மண்டபமும் தூண்களுமாக எல்லாப் பக்கத்திலிருந்தும் சத்தம் திரும்பி ஒரே முழக்கமாகிவிடும். சாமி கும்பிட வருகிறவர்களுக்கும் தொந்தரவு.

கும்பகோணத்துப் பிள்ளைகள் குளத்துப் படிக்கட்டுக்கு எதிரே நின்று தட்டிப் பார்க்கலாம், ஆனால் வேகத்தை அளப்பதற்காக அல்ல. ஒவ்வொரு படியும் தனித்தனியாகச் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். படியின் அகலம் 30 செ.மீ. என்றால், அடுத்த படிக்குப் போய் வர ஒலிக்கு 60 செ.மீ. கூடுதல் பயணம். அதற்கு ஆகும் நேரம் நொடியில் ஏறக்குறைய 580-இல் ஒரு பங்கு. இந்த இடைவெளியில் சிறு சிறு தட்டுகள் வரிசையாக வந்து காதில் விழும்போது, அது 580 ஹெர்ட்ஸ் சுருதியுள்ள ஒரு கீச்சொலியாகிவிடும். நீங்கள் அனுப்பியது 'டக்', திரும்பி வருவது 'கீச்'.

வயல் பக்கம் செய்வதானால் உளுந்து எடுத்த பிறகு, சித்திரையில், நிலம் வெறுமையாகக் கிடக்கும்போது செய்யுங்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் வரப்பில் நின்று டேப் பிடிக்க முடியாது. அப்போது ஆலைக்களம்தான் வழி. ஆலையில் அனுமதி கேட்டுவிட்டு, லாரி வராத நேரமாகப் பார்த்துப் போங்கள். எந்த இடமானாலும் விடிந்து சற்று நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறினால் தரையை ஒட்டிய காற்று சூடாகி ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடும், எதிரொலி மங்கிப்போகும். ஆடி மாதக் காலையில் மட்டும் முயலாதீர்கள். அம்மன் கோயில் ஒலிபெருக்கியோடு போட்டி போட முடியாது.

படி 2: தூரம்

சுவரிலிருந்து 60 மீட்டர் அளந்து கோடு கிழியுங்கள். ஒலி போய்த் திரும்ப வேண்டும், ஆகவே பயணம் 120 மீட்டர். இதை இப்போதே நோட்டில் எழுதி வையுங்கள். கடைசியில் 170-ஐ ஒட்டி விடை வந்தால் இந்த வரியைத்தான் மறந்திருப்பீர்கள்.

படி 3: தட்டும் காலம்

ஒரே ஒரு தட்டைத் தட்டி, எதிரொலி வரும் நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தில் பிடிக்க முயல வேண்டாம். அந்த நேரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். காது கேட்டு விரல் அழுத்துவதற்கே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

ஆகவே தாளத்தைத் துணைக்கு அழைக்கிறோம். ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மனதுக்குள் 'த-க-தி-மி' என்று நான்கு அசைகளையும் சம இடைவெளியில் சொல்லுங்கள். கட்டை 'த'வில் விழ வேண்டும், எதிரொலி சரியாகத் 'தி'யில் விழ வேண்டும். 'தி'யில் விழுந்தால், எதிரொலி எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் நேரத்தில் சரிபாதி.

எதிரொலி 'க'வில் விழுந்தால் நீங்கள் மெதுவாகத் தட்டுகிறீர்கள், தட்டும் வேகத்தைக் கூட்டுங்கள். 'மி'யில் விழுந்தால் வேகமாகத் தட்டுகிறீர்கள், குறையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். எதிரொலி சீக்கிரம் வருகிறது, அதனால் நாம் மெதுவாவோம் என்று தோன்றும். எதிரொலி நமக்காக மாறாது. சுவர் இருக்கும் இடத்தில் இருக்கிறது, அதன் நேரம் நிலையானது. மாறக்கூடியது நம் தட்டு மட்டுமே.

திருவையாற்றுப் பக்கம் மிருதங்கமோ தவிலோ கற்கும் பிள்ளை தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளையின் கையில் கட்டையைக் கொடுங்கள். இயற்பியலில் எத்தனை மதிப்பெண் என்று கேட்க வேண்டாம். அரை இடத்தில் எடுப்புள்ள (தாளம் தொடங்கி அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கும்) பாட்டுக்குத் தாளம் போட்ட காது, எதிரொலி மயிரிழை தள்ளி விழுந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

படி 4: எண்ணுதல்

எளிதாகத் தெரியும் இந்தப் படியில்தான் விடை கெடுகிறது. தட்டுகிறவரின் காலம் நிலைபெற்ற பிறகு, இரண்டாமவர் கடிகாரத்தைத் தொடங்குகிறார். தொடங்கும் தட்டுக்கு அவர் சொல்ல வேண்டிய எண் 'பூச்சியம்'. அடுத்ததுதான் 'ஒன்று'. 'நாற்பது' என்று சொல்லும் தட்டில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.

ஏன் பூச்சியம்? நமக்கு வேண்டியது தட்டுகளின் எண்ணிக்கை அல்ல, தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கை. வேலி போடுகிறவரைக் கேளுங்கள்: பத்துக் கல்லுக்கு நடுவே ஒன்பது இடைவெளிதான். 'ஒன்று' என்று தொடங்கி 'நாற்பது' என்று முடித்தால் கடந்தது 39 இடைவெளிகள். அதை 40 ஆல் வகுத்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 9 மீட்டர் கூடுதலாக வரும். பார்த்தால் தப்பு என்றே தெரியாது, 'வெயில் காலம், அதனால்தான்' என்று சமாதானம் சொல்லிவிடலாம். பத்துத் தட்டு மட்டும் எண்ணி இதே தவறு நடந்தால் விடை 380-ஐத் தாண்டும். அப்போது கண்ணில் படும். நாற்பது எண்ணும்போது ஒளிந்துகொள்வதால்தான் இது மோசமான பிழை.

சத்தமாக எண்ணினால் எதிரொலி கேட்காது. உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள், அல்லது தட்டுகிறவரிடமிருந்து பத்தடி தள்ளி நின்று விரல்விட்டு எண்ணட்டும்.

படி 5: கணக்கு

40 இடைவெளிக்கு 27.8 நொடி ஆனதாக வைத்துக்கொள்வோம். ஓர் இடைவெளி 0.695 நொடி. அதில் பாதி 0.3475 நொடி, எதிரொலியின் நேரம் இதுதான். 120-ஐ 0.3475 ஆல் வகுத்தால் 345. நொடிக்கு 345 மீட்டர்.

சரிபார்க்க ஒரு வாய்பாடு: 331 உடன், வெப்பநிலையை 0.6 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 28 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 348 வரும். ஒரு சதவீதத்துக்குள் வந்துவிட்டீர்கள், மரக்கட்டையை வைத்துக்கொண்டு இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

மார்கழிக் காலையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை செய்தால் வேறுபாடு தெரியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். 22 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் நடுவே 6 மீட்டர்தான் வித்தியாசம். நம் முறையின் பிழையும் கிட்டத்தட்ட அதே அளவு, ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது. அதைத் தமிழ்நாட்டிலேயே பார்த்தவர் உண்டு. மதராஸ் வானியல் நிலையத்தில் இருந்த ஜான் கோல்டிங்காம், 1820-21 ஆண்டுகளில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளிக்கும் ஓசைக்கும் நடுவே ஆன நேரத்தைக் குறித்துவந்தார். மாதத்துக்கு மாதம் வேகம் மாறுவது அவருடைய அளவீட்டில் தெரிந்தது. அவருடைய தூரங்கள் மைல் கணக்கு.

காற்று வீசினால் விடை கெடும் என்று பயப்பட வேண்டாம். போகும்போது காற்று தள்ளினால் திரும்பும்போது தடுக்கும், இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். காதில் இரைச்சல் போடுவதுதான் காற்றின் உண்மையான தொல்லை.

படி 6: அதே சுவரில் அலைநீளம்

நேரம் இருந்தால் இதையும் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கைப்பேசியில் ஒரே சுருதியை இடைவிடாமல் ஒலிக்கும் செயலி ஏதாவது ஒன்றில் 1000 ஹெர்ட்ஸ் வையுங்கள். சிறிய புளூடூத் ஒலிபெருக்கியைச் சுவரைப் பார்த்து மூன்று மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதைச் சுவரிலிருந்து மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். ஒலி அடங்கும், எழும், மறுபடி அடங்கும். அடங்கும் இடங்களைச் சுவரோரத் தரையில் சுண்ணாம்பால் குறியுங்கள். அடுத்தடுத்த இரு குறிகளுக்கு நடுவே பாதி அலைநீளம், அதாவது ஏறக்குறைய 17.4 செ.மீ. இருக்கும். ஐந்து இடைவெளிகளை மொத்தமாக அளந்து ஐந்தால் வகுப்பது நல்லது. இங்கேயும் முதல் குறி பூச்சியம்தான். அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம்: 0.348 × 1000.

பதினொன்றாம் வகுப்பினர் இங்கே ஓர் இடத்தில் முட்டிக்கொள்வார்கள். புத்தகத்தில் சுவர் இருக்கும் இடம் கணு, அங்கே அசைவு இல்லை. ஆனால் காதைச் சுவரோடு ஒட்டினால் சத்தம் பலமாகக் கேட்கிறது! இரண்டும் சரி. சுவரோரம் காற்று நகர முடியாமல் இறுகுகிறது, அதனால் அழுத்த மாறுபாடு அங்கேதான் மிகுதி. காது உணர்வது அழுத்தத்தை. எனவே முதல் அமைதியான இடம் சுவரில் அல்ல, ஏறக்குறைய 9 செ.மீ. தள்ளி.

பின்சேர்க்கை

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: தாளம் நிற்காத பிள்ளைகளை என்ன செய்வது? மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 90 என்று வைத்து அதன்படி தட்டச் சொல்லுங்கள். காலம் மாறாது, ஆகவே நீங்கள் முன்னும் பின்னும் நடந்து, எதிரொலி 'தி'யில் விழும் இடத்தைத் தேட வேண்டும். எதிரொலியின் நேரம் சரியாக மூன்றில் ஒரு நொடி. சுவருக்கு உள்ள தூரத்தை 6 ஆல் பெருக்கினால் வேகம் வந்துவிடும். 58 மீட்டர் என்றால் 348.

இன்னொருவருக்கு விடை 1040 வந்திருக்கிறது. அவர் நின்றது சுவரிலிருந்து 150 மீட்டர் தூரத்தில். அங்கே எதிரொலி வர 0.86 நொடி ஆகும். அதற்குள் அவர் அடுத்த தட்டைத் தட்டிவிடுகிறார், அதற்கும் அடுத்ததற்கும் நடுவே வந்து விழுகிறது முதல் தட்டின் எதிரொலி. 'தி'யில்தான் விழுகிறது, ஆனால் வேறு தட்டினுடையது. அதனால்தான் விடை சரியாக மூன்று மடங்கு. இதைக் கண்டுபிடிக்க, தட்டுவதைச் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு ஓர் எதிரொலி கேட்டால் கணக்கு சரி. இரண்டு கேட்டால், தட்டும் வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், அல்லது சுவரை நெருங்கி வர வேண்டும்.

கைப்பேசியில் பதிவுசெய்து கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் அலைவடிவமாகப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம், தட்டும் எதிரொலியும் இரண்டு முட்களாகத் தெரியும். எதிரொலி பதிவாகவே இல்லை என்றால், பதிவுச் செயலியில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். எதிரொலியையும் இரைச்சல் என்று நினைத்து அது அழித்துவிடக்கூடும்.