தோளில் தசைநாண் மாற்று அறுவை: பத்து வருஷம் தாங்க இப்போதே செய்ய வேண்டியவை

"ஜவ்வு ரொம்பக் கிழிஞ்சிருக்கு, தைக்க முடியாது, வேற தசையை எடுத்து மாத்தி வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதும் எல்லாரும் கேட்கிற கேள்வி, "பழையபடி ஆயிடுமா?" ஆகாது. பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்தவரை, அறுவைக்குப் பிறகு மனசு விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் இதை யாரும் முன்கூட்டியே சொல்லாமல் விட்டவர்கள்தான். ஆனால் வலி அடங்கி, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, தலை சீவி, சட்டை மாட்டி, அலமாரியில் இருக்கும் டம்ளரை எடுக்கிற அளவுக்குக் கை வரும், பலருக்குப் பத்து வருஷம் கழித்தும் அது நிலைக்கும்.

(பைக் விபத்தில் நரம்பு அறுந்து கை தொங்கிப்போனவர்கள் இதைப் படித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அது வேறு கணக்கு. நரம்பைச் சரிசெய்வதென்றால் முதல் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தசை மாற்று என்பதெல்லாம் அதற்கப்புறம்.)

முதலில் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் பந்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளுக்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். இவற்றை எலும்போடு பிணைக்கும் நாண்களைத்தான் டாக்டர் ஜவ்வு என்றார். கிழிந்து நாளாகிவிட்டால் தசை சுருங்கி, உள்ளே கொழுப்பு படிந்துவிடும். எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அளவுக்குக் கூட்டாலியே (Goutallier) என்று பெயர். ரிப்போர்ட்டில் அது 3 என்று இருந்தால் தசையும் கொழுப்பும் சரிபாதி, 4 என்றால் கொழுப்பே அதிகம். அப்படிப்பட்ட தசையை இழுத்துத் தைத்தாலும் பெரும்பாலும் நிற்காது. அதனால்தான் அக்குளுக்குப் பின்னால் தொடங்கி இடுப்பு வரை விரிந்திருக்கும் லாட்டிசிமஸ் தசையின் நாணை அதன் இடத்திலிருந்து கழற்றி, மேல்கை எலும்பின் உச்சியில் பின்பக்கமாகப் பொருத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தின் எலும்பு அறுவை நிபுணர் கிறிஸ்டியன் கெர்பர் 1988இல் விவரித்த முறை இது.

அதே கெர்பர் குழு 2013இல் குறைந்தது 10 வருஷம் கடந்த 46 தோள்களின் நிலையை வெளியிட்டது. நோயாளிகள் தங்கள் தோளுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண் அறுவைக்கு முன் நூற்றுக்கு 29, பத்து வருஷம் கழித்து 70. முன்பக்கமாகக் கை தூக்கும் அளவு சராசரியாக 118 டிகிரியிலிருந்து 132, வெளிப்பக்கம் திருப்புவது 18இலிருந்து 33. கவனித்துப் பாருங்கள், தூக்குவதில் கூடியது கொஞ்சம்தான், மதிப்பெண் இவ்வளவு உயர்ந்ததில் வலி குறைந்ததற்கும் பங்கு இருக்கலாம். எக்ஸ்ரேயில் தேய்மானம் மெதுவாகக் கூடத்தான் செய்தது. முன்பக்கத் தசையான சப்ஸ்கேப்புலாரிஸ் பழுதாகியிருந்தவர்களுக்குப் பலன் குறைவு.

அதனால் தேதி குறிக்கும் முன்பே அந்த முன்தசையைப் பற்றிக் கேளுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை: உள்ளங்கையை வயிற்றில் வைத்து, முழங்கையை முன்னால் தள்ளியபடி அழுத்துங்கள். அழுத்தும்போது முழங்கை பின்னால் ஓடினாலோ மணிக்கட்டு மடங்கினாலோ முன்தசை பலவீனமாக இருக்கலாம், டாக்டரிடம் செய்து காட்டுங்கள். மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தாலும், கை கொஞ்சமும் மேலே எழாமல் இருந்தாலும், வயது எழுபதைத் தாண்டியிருந்தாலும் பெரும்பாலும் ரிவர்ஸ் மூட்டு மாற்றுதான் (பந்தும் குழியும் இடம் மாறிய செயற்கைத் தோள் மூட்டு) பொருத்தம். லாட்டிசிமஸுக்குப் பதிலாக, மேல்முதுகில் இருக்கும் ட்ரபீசியஸ் தசையின் கீழ்ப்பகுதியை (கீழ் ட்ரபீசியஸ்) மாற்றும் முறையும் உண்டு. அது கை வரை எட்டாது என்பதால் இடையில் வேறொரு நாணை இணைப்பார்கள். கையை வெளிப்பக்கம் திருப்பப் பழகுவது அதில் சுலபம், ஆனால் புதியது, லாட்டிசிமஸ் அளவுக்கு நீண்ட காலக் கணக்கு இன்னும் சேரவில்லை. சிகரெட் பிடிப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள், நாண் எலும்போடு ஒட்டுவதை அது கெடுக்கும்.

அறுவை முடிந்ததும் சுமார் 6 வாரம் கை உடம்பை விட்டு விலகி, வெளிப்பக்கம் திரும்பியபடி பிரேஸில் (கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) இருக்கும். இந்த நாட்களில் கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுவந்தால் புதிதாகப் பொருத்திய நாண் இழுபடும். குளிக்க, சட்டை மாட்ட இன்னொருவர் வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையில் அறுவை செய்த கையை முதலில் நுழைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. லாட்டிசிமஸ் பிறந்ததிலிருந்து கையை உடம்போடு சேர்க்கவும் கீழே இழுக்கவும் பழகிய தசை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அது நேரெதிரான வேலையைச் செய்ய வேண்டும். என்னிடம் வந்த ஒரு கொத்தனார் மூன்று வாரம் முயன்றுவிட்டு, "தம்பி, கை எங்கேயோ இருக்கு, நான் எங்கேயோ தேடுறேன்" என்றார். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கேயும் சொல்கிறேன், சர்ஜன் அனுமதித்த பிறகு மட்டும் செய்யுங்கள். சுருட்டிய துண்டை முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் வையுங்கள். மற்ற கையின் விரல்களை அக்குளின் பின்மடிப்பில் வைத்தபடி துண்டை மெல்ல அழுத்துங்கள், விரலுக்கடியில் தசை இறுகும். அந்த இறுக்கத்தை விடாமல் முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். கண்ணாடி முன் பத்துத் தடவை, ஒரு நாளில் மூன்று வேளை. அவருக்கு ஐந்தாவது வாரம் பிடிபட்டது, பிடிபட்ட அன்று அவரே இரண்டு தடவை திருப்பித் திருப்பிச் செய்துகாட்டினார். இப்படி அழுத்திக்கொண்டே தூக்கப் பழகுவது அடுத்த கட்டம்.

எடை வைத்த பயிற்சி மூன்று மாதத்துக்குப் பிறகு, கனமான வேலை ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். ஒரு வருஷம் வரை முன்னேற்றம் வந்துகொண்டிருக்கும், நான்காவது மாதத்தில் சலித்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். முதுகுப் பக்கம் கை கொண்டுபோவது, ஜாக்கெட் ஊக்கு மாட்டுவது போன்றவை முன்பைவிடக் கொஞ்சம் கஷ்டமாகவே இருக்கலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை தோளைக் காட்டி, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுங்கள். எதையாவது தூக்கும்போது அக்குள் பின்பக்கம் 'படக்' என்று விட்டதுபோல் இருந்து, நேற்று வரை வெளிப்பக்கம் திரும்பிய கை இன்று திரும்பவில்லை என்றால், தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே சர்ஜனிடம் போங்கள்.