டிரைவ் திறக்க நேரமாகிறதா? அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடி முடிந்த வாரம், அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே ரகம். "அண்ணா, காவடி வீடியோ இருக்கிற வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினேன். விளக்கு மினுக்குது, ஒண்ணும் வரல."

"எவ்வளவு நேரம் விட்டீங்க?"

"ஒரு நிமிஷம். அப்புறம் கழட்டிக் கழட்டிப் போட்டுப் பார்த்தேன்."

கழட்டியதுதான் தவறு. எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவைப் பிடுங்கினால், 'ஒழுங்காக மூடவில்லை' என்ற குறி அதிலேயே தங்கிவிடும். மேக் கணினி அந்தக் குறியைக் கண்டால் முதலில் சோதனையை ஓட்டும், பிறகுதான் டிரைவைக் காட்டும். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும் எக்ஸ்ஃபாட் (exFAT) முறையில் ஃபார்மேட் செய்த பெரிய டிஸ்க் என்றால் இது மணிக்கணக்கில்கூட இழுக்கும். மேக்கில் ஓடும் வேலைகளைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் 'எஃப்எஸ்சிகே' (fsck) என்று தொடங்கும் பெயர் ஓடினால் தொடாதீர்கள், டீ போட்டுக் குடியுங்கள். நடுவில் பிடுங்கினால் சோதனை மறுபடி முதலிலிருந்து.

லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-ல் இதே கதையைப் பல வீடுகளில் பார்த்தேன். லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். தனி அடாப்டரில் ஓடும் பெரிய டிஸ்க்குக்கு ஏது பேட்டரி? கரண்ட் போன நொடியில் அது பாதி எழுத்தோடு நின்றுவிடும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்றை டிஸ்க்குக்கும் சேர்த்து வையுங்கள்.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து 'விரைவாக அகற்றுதல்' இயல்பாகவே அமைந்திருக்கிறது. அதனால் கழற்றும் முன் கணினியிடம் சொல்லும் 'எஜெக்ட்' தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். காப்பி ஓடிக்கொண்டிருந்தால் அந்த அமைப்பு எதையும் காப்பாற்றாது.

அடுத்தது மலிவு ஹப், அதாவது ஒரு யூஎஸ்பி வாயைப் பல வாயாகப் பிரிக்கும் பெட்டி. யூஎஸ்பி 2.0 வாய் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் நாலு சாமானைத் தொங்கவிட்டால் அதையும் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்க் சுழலத் தொடங்கும், திணறும், அணையும், மறுபடி தொடங்கும். நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள், கேபிளையும் மாற்றுங்கள். பாதிப் புகார் அதோடு தீரும்.

டிரைவ் உடனே வந்து, ஃபோல்டர் மட்டும் மெதுவாகத் திறந்தால் அது வேறு வியாதி. ஆன்டிவைரஸோ, வீடியோக்களின் சிறுபடங்களோ காரணமாக இருக்கலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒன்று. கிளம்பும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் வெளி டிஸ்க்கை எழுதிவிட்டு, 'இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்று சொல்லும் 'நோஃபெயில்' (nofail) சேர்க்க மறந்தால், டிஸ்க் செருகாத நாளில் கணினி கிளம்பும்போதே 90 வினாடி அதைத் தேடிக் காத்திருக்கும்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால் மேலே சொன்ன பொறுமை எதுவும் வேண்டாம், விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கும் வேண்டாம். சாகப்போகிற டிஸ்க்கை முழுக்கத் துருவச் சொன்னால் அதிலேயே உயிர் போய்விடும். டிஸ்க் இன்னும் திறக்கிற நிலையில் இருக்கும்போதே முக்கியமான வீடியோக்களை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், குழந்தையின் முதல் காவடியிலிருந்து தொடங்கி.