11 நிமிட டாக்கர் இமேஜ் பில்டை 2 நிமிடத்துக்குள் கொண்டுவந்தது எப்படி

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் ஆர்டர் மென்பொருளைக் காரைக்குடி வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் கிளவுடில் டாக்கர் இமேஜ் (மென்பொருளையும் அது ஓடத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) பில்ட் ஆக 11 நிமிடம். லேப்டாப்பில் அதுவே அரை நிமிடம்தான். காத்திருக்கும் நேரத்தில் கீழே இறங்கினால் அப்பத்தா, "ஏன்டா, காபி குடிக்கவா சம்பளம் தர்றாங்க?" என்பார்கள்.

லேப்டாப்பில் பழைய லேயர்கள், அதாவது பில்டின் ஒவ்வொரு படியிலும் உருவானவை, கேஷாக (மறுபடி பயன்படுத்தச் சேமித்தவையாக) அப்படியே கிடக்கும். கிளவுடில் பில்டுக்குப் பில்ட் புது மெஷின். முடிந்ததும் கேஷோடு சேர்த்து அழிந்துபோகும்.

முதலில் டாக்கர்ஃபைலின் (பில்ட் படிகளை எழுதிவைக்கும் ஃபைல்) வரிசையைச் சரிசெய்யுங்கள். பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணல், அப்புறம் ஈரக் கலவை. வண்ணம் தப்பினால் மேலே போட்டதெல்லாம் வீண். லேயரும் அப்படித்தான்: ஒரு படி மாறினால் அடுத்து வரும் எல்லாப் படியும் மறுபடி ஓடும். நான் சோர்ஸ் முழுவதையும் காப்பி செய்துவிட்டு, தேவையான பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ் ஜேசனும் லாக் ஃபைலும் மட்டும் முதலில் போகின்றன; பிறகு லாக் ஃபைலில் உள்ளபடியே நிறுவும் என்பிஎம் சிஐ; மீதி சோர்ஸ் கடைசியில்.

அடுத்து, கேஷை ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமித்துவைக்கும் சர்வர்) வையுங்கள். டாக்கரின் பில்ட் கருவியான பில்டெக்ஸில் கேஷை அனுப்பும் கேஷ்-டூ, எடுத்துவரும் கேஷ்-ஃப்ரம் இரண்டுக்கும் டைப் ரெஜிஸ்ட்ரி, கேஷுக்கென்று தனி டேக். ஏற்றுமதி ஆகாது என்று பிழை வந்தால், டாக்கர்-கன்டெய்னர் டிரைவரில் புது பில்டர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கப்புறமும் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்டேன். கேஷ் போகிறது, வருகிறது, என்பிஎம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஓடுகிறது! என்னுடையது மல்டி-ஸ்டேஜ்: ஒரு ஸ்டேஜில் கட்டி, வேண்டியதை மட்டும் கடைசி ஸ்டேஜுக்கு எடுத்துக்கொள்வது. கேஷ்-டூவில் மோட் சொல்லாவிட்டால் அது 'மின்' (min). கடைசி இமேஜில் இருக்கும் லேயர்களை மட்டும் சேமிக்கும். என்பிஎம் ஓடுவதோ முதல் ஸ்டேஜில். எல்லா ஸ்டேஜ் லேயர்களையும் சேமிக்கும் மோட் 'மேக்ஸ்' (max) என்று மாற்றினேன். அடுத்த பில்டில் அந்த வரிக்கு நேரே 'கேஷ்டு' என்று வந்தது.

டாக்கர்ஃபைலின் ரன் வரியில் கேஷ் மவுன்ட் (இறக்கிய பேக்கேஜ்களை பில்ட் மெஷினிலேயே வைத்துக்கொள்ளும் ஃபோல்டர்) போடச் சொல்வார்கள். லேப்டாப்பில் அருமைதான். ஆனால் அந்த மவுன்டில் இருப்பது ரெஜிஸ்ட்ரி கேஷோடு போகாது, அதனால் புது மெஷினில் அது காலிப் பாத்திரம்.

பில்டுக்குள் போகக் கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோரை மறக்காதீர்கள். பட்டறைக்காரர் அனுப்பிய பூ டிசைன் படங்கள் அதே ஃபோல்டரில் கிடந்தன. புதுப்படம் ஒன்று சேர்ந்தாலே சோர்ஸ் காப்பி வரியின் கேஷ் போய்விடும்.

ஏஆர்எம் (இன்னொரு வகைப் பிராசசர்) இமேஜ் வேண்டுமென்றால் ஏஆர்எம் மெஷினிலேயே பில்ட் செய்யுங்கள். வேறு பிராசசரைப் பாவனை செய்யும் கியூஎமு வழியாக ஓட்டினால் இழு இழு என்று இழுக்கும்.

சோர்ஸ் மட்டும் மாறினால் இப்போது ஒன்றே முக்கால் நிமிடம். லாக் ஃபைலைத் தொட்ட நாளில் மட்டும் பழைய 11 நிமிடம். அன்றைக்குத்தான் கீழே போகிறேன்.