நம்ம குமரி மாவட்டத்திலிருந்து ஏஐ அறவியல் ஆராய்ச்சிக்குப் போவது எப்படி

மெஷின் எடுக்கும் முடிவு நியாயமா என்று ஆராய்வதையே வேலையாகச் செய்யலாமா? செய்யலாம். அதற்குப் படிக்க வேண்டியது தத்துவம். இளங்கலையில் என்ன பாடம் என்பது பெரிய விஷயமில்லை, கணிதமோ கம்ப்யூட்டரோ என்றால் பின்னால் கைகொடுக்கும். எம்.ஏ. தத்துவத்துக்குக் களியக்காவிளை தாண்டினால் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகம், இல்லையென்றால் சென்னை, ஹைதராபாத். அப்புறம் யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், அது இல்லாமல் பிஎச்டி வருடங்களை ஓட்டுவது சாதாரணக் குடும்பத்துக்கு ரொம்பக் கஷ்டம், அதனால் அந்தத் தேர்வை லேசாக எடுக்காதீர்கள். ஐஐடி ஆசை இருந்தால், கேட் (GATE) தேர்வில் 2021 முதல் தத்துவமும் எழுதலாம்.

நிகழ்தகவு கட்டாயம் படியுங்கள். ஏன் என்கிறேன். அமெரிக்காவில் கம்பாஸ் என்றொரு மென்பொருள், கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும். 2016-ல் புரோபப்ளிகா பத்திரிகையாளர்கள் அதை ஆராய்ந்து, மறுபடி குற்றமே செய்யாதவர்களில் கறுப்பினத்தவர்தான் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு 'ஆபத்தானவர்' பட்டியலில் விழுகிறார்கள் என்றார்கள். மென்பொருள் நிறுவனமோ, ஒரே மதிப்பெண் யாருக்கு வந்தாலும் ஒரே அளவு ஆபத்தைத்தான் காட்டுகிறது என்றது. இரு குழுக்களில் மறுபடி குற்றம் செய்பவர்களின் விகிதம் வேறுபட்டால், கணிப்பும் நூற்றுக்கு நூறு சரியாக இல்லாதவரை, இந்த இரண்டு நியாயமும் சேர்ந்து நிற்காது என்பதைக் கணிதமே காட்டிவிட்டது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை அது சொல்லாது. நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஆராய்ச்சித் தலைப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள், எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நாளை புயலை ஏஐ கணிக்கிறது என்று வையுங்கள். எத்தனை சதவீத வாய்ப்பு இருந்தால் 'கடலுக்குப் போகாதே' என்று சொல்ல வேண்டும்? அந்த எண்ணைக் குறைத்தால் கடல் அமைதியாகக் கிடக்கும் நாளிலும் வள்ளம் கரையில்தான், அன்றைய பாடு போச்சு, நாலு தடவை அப்படி நடந்தால் ஐந்தாவது எச்சரிக்கையை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். கூட்டினால் உயிர் போகும். அதை யார் தீர்மானிப்பது, கடலுக்குப் போகிறவர்களைக் கேட்காமல் தீர்மானிக்கலாமா? ஒரு முழு பிஎச்டிக்கு இது போதும்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் நாலு பேரிடம் பேசிவிட்டு, இரண்டே பக்கம் எழுதி, புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் கேள்வி கேட்கும் இடத்தைத் திருத்தி எழுதுங்கள். வழிகாட்டியாக வரப்போகும் பேராசிரியருக்கு அதைத்தான் அனுப்ப வேண்டும், வெறும் பயோடேட்டாவை அல்ல.