இன்ஜினியரிங் கட் ஆஃப்: கணக்குப் போடுவதிலிருந்து சீட் கையில் வரும்வரை (ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு)

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி, "இந்த மார்க்குக்கு எங்கே சீட் கிடைக்கும்?" என்பதுதான். எந்த மார்க்கைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 600-க்கு எவ்வளவு என்பதை இன்ஜினியரிங் கலந்தாய்வில் முதலில் யாரும் பார்ப்பதில்லை.

படி 1: எந்தக் கதவு என்று முடிவு செய்யுங்கள்

அண்ணா பல்கலைக்கழகமோ அதன் இணைப்புக் கல்லூரிகளோ என்றால் நுழைவுத் தேர்வு கிடையாது. தமிழ்நாட்டில் அதை நீக்கிவிட்டு 2007-08 சேர்க்கையிலிருந்தே பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். ராமநாதபுரத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, கீழக்கரை, ராமநாதபுரம் தனியார் கல்லூரிகள், காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி, மதுரை தியாகராசர் கல்லூரி, சென்னை கிண்டி எல்லாமே இந்த ஒரே கலந்தாய்வில் வருபவை.

திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. வேண்டுமென்றால் ஜே.இ.இ. எழுத வேண்டும். கப்பல் இன்ஜினியர் ஆக மத்திய கடல்சார் பல்கலைக்கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன்வளப் பொறியியல் படிப்பு உண்டு. அதற்குப் பிளஸ் டூ மார்க்தான், ஆனால் விண்ணப்பம் தனி. பொதுக் கலந்தாய்வுக்கு மட்டும் போட்டுவிட்டு இதுவும் அதில் வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே மீனவர் வாரிசுகளுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது.

படி 2: 200-க்குக் கணக்குப் போடுங்கள்

கணித மார்க்கை முழுதாக எடுங்கள். இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மூன்றையும் கூட்டினால் கட் ஆஃப்.

கணிதம் 87, இயற்பியல் 78, வேதியியல் 81 என்றால் 87 + 39 + 40.5 = 166.5.

இன்னொரு பிள்ளை கணிதம் 74, இயற்பியல் 90, வேதியியல் 92 வாங்கியிருக்கிறது. மூன்று பாடத்தையும் கூட்டினால் 256. முதல் பிள்ளைக்கு 246தான். ஆனால் இரண்டாவது பிள்ளையின் கட் ஆஃப் 74 + 45 + 46 = 165. மொத்தத்தில் பத்து மார்க் கூட இருந்தும் ரேங்க்கில் பின்னால் போகிறது. கணிதத்தில் ஒரு மார்க் போனால் இயற்பியலில் இரண்டு மார்க் போனதற்குச் சமம். பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் இதை இப்போதே புரிந்துகொள்வது நல்லது.

மாநிலப் பாடத்திட்டக் கணிதத் தாள் 90 மார்க். அதில் 20 ஒரு மார்க் கேள்விகள், ஏழு இரண்டு மார்க், ஏழு மூன்று மார்க், ஏழு ஐந்து மார்க். மீதிப் பத்து அகமதிப்பீடு. இயற்பியல், வேதியியலில் தாள் 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையில் சும்மா விடுகிற இரண்டு மார்க் கட் ஆஃபில் ஒரு மார்க்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான், ஒரு திருத்தத்தோடு. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மார்க் 100 ஆகவும் மற்ற வாரியத்தின் உச்ச மார்க் 90 ஆகவும் இருந்தால், அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.66 என்று மாற்றிக் கணக்கிடுவார்கள். இரண்டு பக்கமும் யாராவது 100 வாங்கியிருந்தால் ஒன்றும் மாறாது.

படி 3: தகுதி இருக்கிறதா?

பாஸ் ஆனால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், மற்ற வகுப்பினருக்கு 40 சதவீதம் வேண்டும். மூன்றிலும் 35 வாங்கினால் பிளஸ் டூ பாஸ், இன்ஜினியரிங்குக்குத் தகுதி இல்லை. இடஒதுக்கீட்டுப் பிரிவில் மூன்றும் சேர்ந்து 300-க்கு 120 வர வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்வதாக இருந்தாலும் இந்தக் குறைந்தபட்சம் உண்டு. "பார்த்துக்கலாம்" என்று யாராவது முன்பணம் கேட்டால் முதலில் மூன்று மார்க்கையும் கூட்டிப் பாருங்கள்.

படி 4: எந்த வரிசையில் நிற்கிறீர்கள்

இடங்கள் இப்படிப் பிரிகின்றன: பொது 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 சதவீதம். பொது 31 எல்லாருக்கும் திறந்தது. மார்க் நன்றாக இருந்தால் எந்த வகுப்புப் பிள்ளையும் அதில் இடம் எடுக்கலாம். ஆகவே ரேங்க் லிஸ்டில் உங்களுக்கு இரண்டு எண் இருக்கும், பொது ரேங்க் ஒன்று, வகுப்பு ரேங்க் ஒன்று. இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இன்ஜினியரிங்குக்கும் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உட்பட அரசே ஏற்கிறது. அதில் போட்டவர்கள் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். நம் கரையில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. சர்ச், ஜமாத் நிர்வாகத்தில் நடக்கும் பல பள்ளிகள் உதவிபெறும் வகை. நடுவில் இரண்டு வருடம் அங்கே படித்திருந்தாலும் இந்த ஒதுக்கீடு கைநழுவும்.

படி 5: சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே எடுங்கள்

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விண்ணப்பக் காலமும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். விசைப்படகில் போகும் அப்பா கரையில் இருக்கும் நேரம் இது. இ-சேவை மையத்துக்கு ஒன்றாகப் போய் வேலையை முடித்துவிடுங்கள்.

எல்லாருக்கும் தேவை: பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் என்றால் இ-சேவையில் வாங்கிய சாதிச் சான்றிதழ். குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றும் பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழியும். அண்ணன் அக்கா ஏற்கெனவே அந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது.

வளைகுடாவில் படித்துவிட்டு ஊருக்கு வரும் கீழக்கரை, பெரியபட்டினம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இருப்பிடச் சான்றிதழ். எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுதும் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு அது தேவையில்லை. ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தாலும் தேவை. மண்டபம் முகாமிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் இலங்கைத் தமிழ் அகதி என்பதற்கான மின் சான்றிதழை ஏற்ற வேண்டும்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. பிரிவுக்கு 250. பதிவு செய்யும்போது கொடுக்கும் செல் நம்பர் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும். அப்பா நம்பரைக் கொடுத்துவிட்டு, ஓ.டி.பி. வரும் நேரத்தில் அந்த போன் பாம்பனுக்குத் தெற்கே கடலுக்குள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பிள்ளையின் நம்பரையோ அம்மாவின் நம்பரையோ கொடுங்கள். சொந்த போன், இணையம் இல்லாதவர்கள் உதவி மையத்தில் இலவசமாகவே பதிவு செய்யலாம்.

படி 6: போன வருடக் கட் ஆஃபைச் சரியாகப் படிக்கும் முறை

கலந்தாய்வு இணையதளத்தில் கல்லூரி, பாடப்பிரிவு, வகுப்பு வாரியாகப் பழைய கட் ஆஃப் கிடைக்கும். அதில் போட்டிருப்பது அந்த இடத்தைக் கடைசியாக எடுத்தவரின் மார்க். இந்த வருடம் அந்த மார்க் இருந்தால் சீட் உறுதி என்று அதற்குப் பொருளில்லை. வினாத்தாள் எளிதானால் ஊரே இரண்டு மூன்று மார்க் மேலே போய்விடும். அதனால் மார்க்கை விட்டுவிட்டு ரேங்க்கை ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு கல்லூரியில் சிவில் பி.சி. போன வருடம் 142 மார்க்கில் முடிந்து, அந்த மார்க்குக்கு அப்போது வகுப்பு ரேங்க் 30,000 என்றிருந்தால், இந்த வருடம் உங்கள் மார்க் 145 ஆக இருந்தும் வகுப்பு ரேங்க் 34,000 என்றால் அது கிடைப்பது சந்தேகம்தான்.

2021 கணக்கைத் தொடவே வேண்டாம். அந்த வருடம் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டிலிருந்து 30 சதவீதம் எடுத்து மார்க் போட்டார்கள். அந்த எண்களோடு உங்கள் எண்ணை வைத்துப் பார்த்தால் வீண் பயமோ வீண் தைரியமோதான் வரும்.

ஒரே கட் ஆஃப் வந்தால் முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல் மார்க் பார்ப்பார்கள். அதற்கும் பிறகு சமமானால் மற்ற மார்க், பிறந்த தேதி (வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை), கடைசியில் ரேண்டம் எண்.

படி 7: சாய்ஸ் போடுவது

எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்ற விருப்பப் பட்டியல்தான் சாய்ஸ். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சீட் கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணம். கிடைக்குமோ கிடைக்காதோ என்று பார்த்து அடுக்காதீர்கள், ஆசைப்படும் வரிசையில் அடுக்குங்கள். கணினி மேலிருந்து கீழே வந்து முதலில் காலியாக இருப்பதைத் தரும். எட்டாத கல்லூரியை மேலே வைப்பதால் கீழே உள்ளது கெடாது. எட்டக்கூடியதை மேலே வைத்துவிட்டால்தான் நல்லது போய்விடும்.

கல்லூரிப் பெயரை நம்பாமல் கோடு எண்ணைப் பாருங்கள். கிண்டி வளாகம் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. "பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி" என்று பல ஊர்களில் இருப்பவை அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள், சென்னை வளாகங்கள் அல்ல.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல இரண்டு நாள்தான். ஏற்றுச் சேர்கிறேன் என்றால் கதை முடிந்தது. ஏற்றுக்கொண்டு மேலேயும் பார்க்கிறேன் என்றால், மேலே கிடைத்தால் மாறுவீர்கள், கிடைக்காவிட்டால் கையில் இருப்பது இருக்கும். மறுத்துவிட்டு மேலே பார்க்கிறேன் என்றால் இருந்த இடம் போய்விடும். இந்த மூன்றாவதைத் தெரியாமல் தட்டிவிட்டு அழுபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. பதிலே சொல்லாமல் விட்டாலும் இடம் போகும்.

நுழைவுத் தேர்வு எழுதுபவர்களுக்கு

ஜே.இ.இ. மெயினில் 75 கேள்வி, 300 மார்க். சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும். தமிழிலும் எழுதலாம். ஜனவரி, ஏப்ரல் என்று இரண்டு முறை நடக்கும், நல்ல மார்க் எதுவோ அது கணக்கில் வரும். முடிவு பெர்சென்டைலில் வரும், அது சதவீதம் இல்லை. 95 பெர்சென்டைல் என்றால் 100 பேரில் 5 பேர் உங்களுக்கு மேலே. சுமார் 14 லட்சம் பேர் எழுதும்போது அது 70,000-ஐ ஒட்டிய ரேங்க். கேட்க நன்றாக இருக்கும், என்.ஐ.டி.யில் கேட்ட பிரிவு கிடைக்காது. ஐ.ஐ.டி.க்கான அடுத்த கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு எழுத 2024-ல் பொதுப்பிரிவுக்கு 93.24, ஓ.பி.சி.க்கு 79.68, எஸ்.சி.க்கு 60.09 பெர்சென்டைல் தேவைப்பட்டது. என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. பிளஸ் டூவில் 75 சதவீதமோ (எஸ்.சி., எஸ்.டி. 65), வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருப்பதோ வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய ஓ.பி.சி. சான்று கேட்பார்கள்.

கடல்சார் பல்கலைக்கழக மரைன் இன்ஜினியரிங்குக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதமும், பத்திலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். கண் பார்வைச் சோதனையும் உண்டு, அதை முதலில் செய்துகொள்ளுங்கள். வேறு எங்கே மரைன் படித்தாலும், கப்பல் ஏற வேண்டுமென்றால் அந்தப் படிப்புக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒரு பாடம் போய்விட்டது என்றால் துணைத்தேர்வு எழுதி, பொதுச் சுற்றுகள் முடிந்தபின் நடக்கும் துணைக் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்யலாம். மிச்சமிருக்கும் இடங்கள்தான் அங்கே வரும். சிவில், மெக்கானிக்கல் போன்ற பிரிவுகள் அப்போதும் நிறையவே காலியாக இருக்கும்.