கதவு நிலையில் ஏறிய கரையானை நிறுத்திய விதம்

தேவிபட்டினம் பக்கம் எங்கள் வீடு. கூரையில் கிடப்பது வைரம் பாய்ந்த பனங்கை, அதாவது பனைமரச் சட்டம். அதைக் கரையான் லேசில் தொடாது. ஏறியது சமையலறைக் கதவு நிலையில். சுவரோரம் பென்சில் தடிமனில் மண்கோடு. நிலையைத் தட்டினால் உள்ளே வெற்றிடமாகிவிட்ட சத்தம்.

மண்கோடு தெரிந்தால் அதைச் சுரண்டி மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். அது கண்ணில் படுவதை மட்டும்தான் கொல்லும். கூடு மண்ணுக்குள் இருக்கிறது. கரையானுக்கு ஈரம் உயிர். அது காயாமல் இருக்கத்தான் மண்ணால் மூடிக்கொண்டு வருகிறது. ஆகவே முதலில் ஈரத்தைத் தேடினோம். சுவருக்குப் பின்னால் தொட்டிக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அதை அடைத்து, சுவரில் சாய்த்திருந்த விறகையும் பனைமட்டையையும் தள்ளிப் போட்டோம்.

அப்புறம்தான் மருந்து. சுவரும் தரையும் சேருமிடத்தில் அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ. அளவில். இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி, 30.5 சதவீத மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. மருந்து அடிக்க வந்தவர்கள் துளைகளில் ஊற்றி சிமெண்டால் அடைத்தார்கள். இது உடனே கொல்லாது. கரையான் இதை உணராமல் கடந்துபோய்க் கூட்டுக்குள் பரப்பும், பொறுமை வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் கடற்கரை மணலில் ஊற்றியது சட்டென்று இறங்கிவிடும், கிணறுகளும் ஆழமில்லை. கிணற்றுப் பக்கச் சுவரில் மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே மண்கோடு தெரிந்தால் அதை உடைத்துவிட்டு, சுவரைக் காய வைப்பதோடு சரி.

உளுத்த நிலைக்கால் அடியை அறுத்துவிட்டுக் கருங்கல் வைத்தோம். ஒவ்வோர் ஐப்பசி மழைக்குப் பிறகும் டார்ச் அடித்து மூலைகளைப் பார்க்கிறேன்.