பழைய கிராண்ட் கேன்யன் வரைபடத்தைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரிசோனாவில் கொலராடோ ஆறு அறுத்துச் செல்லும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை அமெரிக்கப் புவியியல் அளவைத் துறைக்காகப் பிரான்சுவா மத்தேஸ் 1902-இல் அளக்கத் தொடங்கினார். அந்தப் பணியில் உருவான ‘பிரைட் ஏஞ்சல்’ என்ற வரைபடத் தாளின் மின்படி இன்று இலவசமாகவே கிடைப்பதால், பலரும் அதை அச்சிட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். உட்கார்ந்து படிக்கத் தொடங்கும்போதுதான் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல் அளவுத்திட்டத்தில் நேர்கிறது. இத்தாளின் விகிதம் 1:48,000. தாளில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 4,000 அடி. 1:62,500 அளவிலான தாள்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஓர் அங்குலத்தை ஏறக்குறைய ஒரு மைல், அதாவது 5,280 அடி என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். வீட்டு அச்சுப்பொறி படத்தைச் சுருக்கிவிட்டால் அந்த விகிதமும் செல்லாது. ஏ4 தாளில் அச்சிட்ட படத்தின்மேல் அடிக்கோலை வைத்து அளந்து ஏமாந்தவன் என்பதால் சொல்கிறேன்: தாளில் தூரத்தைக் காட்ட வரைந்திருக்கும், படத்தோடு சேர்ந்தே சுருங்கும் கோட்டளவையை மட்டும் நம்புங்கள்.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளைத் தலைகீழாகப் படிப்பது இதைவிடப் பெரிய பிழை. மலைப்படத்தில் நெருக்கமான கோடுகளைக் கண்டால் உச்சியை நோக்கி ஏறுகிறோம் என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். இங்கோ விளிம்பிலுள்ள மேட்டுநிலம் கோடுகள் குறைந்து வெறிச்சென்று கிடக்க, நெருக்கமெல்லாம் ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில்தான் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து தெற்கு விளிம்பு ஏறக்குறைய 6,900 அடி உயரம், ஆறு சுமார் 2,400 அடி உயரம். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு 50 அடி என்பதால், இடையில் ஏறத்தாழ 90 கோடுகளைக் கடக்க வேண்டும். ரெட்வால் சுண்ணாம்புப் பாறையின் செங்குத்துச் சுவரில் பத்துக் கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே பழுப்புப் பட்டையாகத் தெரிவதை அச்சுப்பிழை என்று நினைத்துவிடக் கூடாது. ஓடைகளைக் கடக்கும் கோடுகளின் கூர்முனை நீரோட்டத்துக்கு எதிர்த்திசையைக் காட்டும் என்பதை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஆண்டைப் பார்க்காமல் விடுவதும் தவறு. பள்ளத்தாக்கின் அடியில் 1922-இல் கட்டப்பட்ட ஃபாண்டம் ரான்ச் என்ற தங்குமிடம் இத்தாளில் இருக்க முடியாது. ஆற்றின் மேற்பகுதியைக் காட்டும் பழைய படங்களில் ‘கிராண்ட் ஆறு’ என்ற பெயரைக் கண்டால் அதை வேறோர் ஆறு என்று தேட வேண்டாம். 1921-இல்தான் அதற்குக் கொலராடோ என்ற பெயர் வந்தது. 1963-க்கு முந்தைய கிளென் கேன்யன் படங்களில் காணும் பக்கப் பள்ளத்தாக்குகள் பல, அந்த ஆண்டு அணையால் தேங்கத் தொடங்கிய பவல் ஏரியின் அடியில் இன்று கிடக்கின்றன. காந்த வடக்கும் இந்த நூறாண்டுகளில் சில பாகை நகர்ந்துவிட்டதால், ஓரத்தில் அச்சிட்டிருக்கும் கோணத்தை இன்றைய திசைகாட்டியோடு பொருத்தக் கூடாது.

நீலத்தில் விட்டுவிட்டு வரைந்த ஓடையைக் கண்டு அங்கே குடிநீர் கிடைக்கும் என்று கணக்குப் போடவே கூடாது. அது ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, மழை கொட்டினால் மட்டும் திடீர் வெள்ளமாகப் பாயும் தடம்.